கணவர் விட்டுச் சென்ற சேமிப்பு: மனைவி எடுக்க வேண்டியதும் தொடரக் கூடியதும்

உழைக்கும் காலத்தில் சேமித்து, ஓய்வுக் காலத்தில் அதைக் கொண்டு பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வது குடும்பத்துக்கு அழகு. இதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் சேமித்தவர் அதை அனுபவிப்பதற்கு முன்னரோ, அனுபவித்துக் கொண்டிருக்கும்போதோ காலமாகிவிட்டால், அந்தச் சேமிப்பு மனைவியின் கைக்கு எவ்வாறு வந்து சேருகிறது? அதை அவர் முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா? அப்படியே விட்டுவைத்து வட்டி பெற்று வரலாமா? மாதந்தோறும் அவருக்கு வரக்கூடிய தொகை ஏதேனும் உண்டா? இக்கேள்விகளுக்கு விடை தெரியாமல், துயரத்தில் இருக்கும் வேளையில் யாரோ நீட்டிய தாளில் கையொப்பமிட்டு, பெற வேண்டியதை இழக்கும் பெண்கள் உண்டு. ஆகவே அவ்விதிகளை ஒவ்வொன்றாக விளக்க முற்படுவோம். மனைவியை மனத்திற்கொண்டே எழுதுகிறோமாயினும், மனைவியை இழந்த கணவருக்கும் பெரும்பாலான விதிகள் பொருந்தும்.

பட்டணத்துச் சேமிப்பும் கிராமத்துக் குடும்பமும்

சென்னையில் சேமிப்புப் பழக்கத்துக்குப் பெயர் பெற்ற பகுதி மயிலாப்பூர். மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிறைந்து வாழும் அவ்வூரில், 1872-ஆம் ஆண்டிலேயே மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டு என்னும் நிதி தொடங்கப்பட்டது. தலைமை அஞ்சலகமும் அங்கு உண்டு.

"இவை பட்டணத்தார் காரியங்கள், கிராமத்தில் இருக்கும் நமக்கு இவற்றால் ஆவதென்ன?" என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது சரியன்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள உணவு விடுதிகளிலும், துணிக்கடைகளிலும், அச்சகங்களிலும் உழைப்போரில் பலர் கிராமங்களிலிருந்து சென்றவர்களே. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், அவர்களுடைய சம்பளத்திலிருந்து வருங்கால வைப்பு நிதிக்காகப் பணம் பிடிக்கப்படுகிறது. பணம் சென்னைக் கணக்கில் இருக்கிறது. குடும்பமோ மதுராந்தகத்திலோ உத்திரமேரூரிலோ இருக்கிறது. கணவரின் கணக்கு எண்கூட மனைவிக்குத் தெரிவதில்லை. இவர்களன்றி, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே திரும்பி, உள்ளூர் அஞ்சலகத்தில் பணம் போட்டு வாழும் ஆசிரியர்களும் அலுவலர்களும் கிராமந்தோறும் இருக்கிறார்கள். எனவே இவ்விதிகள் கிராமத்தாருக்கே மிகவும் வேண்டியவை.

வெளிநாட்டு விதியும் நம் நாட்டு விதியும்

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. ஓய்வுக் காலத்துக்கென வரிச் சலுகையுடன் சேர்த்த கணக்கிலிருந்து, 73 வயது ஆனபின் ஆண்டுதோறும் ஒரு குறைந்த அளவுத் தொகையை எடுத்தே ஆக வேண்டும். எடுக்கத் தவறினால், விட்டுப்போன தொகையின்மீது 25 சதவிகிதம் வரை அபராத வரி விதிக்கப்படும். கணக்குக்குரியவர் இறந்தால், மனைவி அக்கணக்கைத் தம் சொந்தக் கணக்காகவே மாற்றிக்கொண்டு, தமக்கு அந்த வயது வரும்வரை எடுக்காமல் இருக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் பெற்றால், பொதுவாக 10 ஆண்டுகளுக்குள் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுவே விதி.

நம் நாட்டில் வயதைக் கொண்டு ஆண்டுதோறும் எடுக்கச் சொல்லும் விதி இல்லை. இங்கே ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு விதி. அவ்விதிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் நினைவில் வைப்பது எளிது. முதல் வகை, எடுத்தே ஆக வேண்டிய பணம். இரண்டாவது வகை, மனைவி விரும்பினால் தொடரக் கூடிய பணம். மூன்றாவது வகை, மொத்தமாக எடுக்க முடியாமல் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும் பணம். எந்தக் கணக்கு எந்த வகை என்று அறிந்தபின் கையொப்பமிடுவதே பாதுகாப்பு.

எடுத்தே ஆக வேண்டியவை

பி.பி.எப். என்று வழங்கும் பொது வருங்கால வைப்பு நிதி 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 15 ஆண்டுக் கணக்கான இதில் ஆண்டொன்றுக்கு 500 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை செலுத்தலாம். கணக்குக்குரியவர் இறந்தால், மனைவியே நியமனதாரராக, அதாவது நாமினியாக, இருந்தாலும் அக்கணக்கைத் தொடர அவருக்கு அனுமதி இல்லை. அதில் மேலும் பணம் செலுத்தவும் கூடாது. கணக்கை முடித்துத் தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பணம் பெறும் மாதத்துக்கு முந்தைய மாத இறுதி வரை வட்டி கணக்கிடப்படும். எனவே சில வாரத் தாமதத்தால் நட்டம் ஏற்பட்டுவிடுமோ என்று அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுவதும் கூடாது. நெடுங்காலம் உரிமை கோரப்படாத சேமிப்புகளை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றும் ஏற்பாடு ஒன்று 2015-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்துள்ளது. அதன்பின் அதை மீட்பது கூடுதல் அலைச்சல்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. தொழிலாளி இறந்தால் அவர் கணக்கிலுள்ள தொகை முழுவதையும் நியமனதாரர் பெற்றுக்கொள்ள வேண்டும். இதற்குப் படிவம் 20 என்று பெயர். தொகை கோருவதற்குரியதாகி 36 மாதங்கள் கடந்தும் எவரும் கோராவிட்டால், அக்கணக்கு இயங்காக் கணக்கு என வகைப்படுத்தப்படும். அதுவரை காத்திருப்பதில் பயனில்லை.

இத்துடன் இணைந்த இன்னொரு தொகையைப் பல குடும்பங்கள் அறிவதே இல்லை. 1976-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வைப்புத் தொகையோடு இணைந்த காப்பீட்டுத் திட்டமே அது. தொழிலாளி வேலையில் இருக்கும்போதே இறந்தால், அவருடைய சம்பளத்தையும் வைப்பு நிதி இருப்பையும் ஒட்டி, 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடும். இதற்காகத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை. சம்பளச் சீட்டில் காணப்படாத காரணத்தாலேயே குடும்பத்தார் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இதைக் கோரும் படிவம் 5-ஐஎப் ஆகும்.

மனைவி தொடரக் கூடியது

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கியது. 60 வயது நிறைந்தோர் இதில் சேரலாம். ஓய்வு பெற்றவர்களுக்குச் சில நிபந்தனைகளின்படி 55 வயதிலிருந்தே இடமுண்டு. 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். அப்போது வட்டி 8.2 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. ஐந்து ஆண்டுக் காலம்; காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும்.

கணக்குக்குரியவர் இறந்தால், கூட்டுக் கணக்கில் மனைவி பங்காளியாக இருந்தாலோ, தனிக் கணக்கில் அவர் ஒருவரே நியமனதாரராக இருந்தாலோ, முதிர்வுக் காலம் வரை அக்கணக்கை அவர் தொடரலாம். அவருக்கு அத்திட்டத்தில் சேரும் தகுதி இருக்க வேண்டும்; தம் பெயரில் வேறு கணக்கு இத்திட்டத்தில் இருத்தலாகாது. இவை பொருந்தாவிடில், கணவர் இறந்த நாளிலிருந்து அந்தப் பணத்துக்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டியே கிடைக்கும். அது 4 சதவிகிதம்.

"ஒருவரே நியமனதாரர்" என்ற சொற்களை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓர் உதாரணம் கூறுவோம். மயிலாப்பூர் அஞ்சலகத்தில் ஒருவர் 10 லட்சம் ரூபாயை இத்திட்டத்தில் போட்டிருக்கிறார் எனக் கொள்வோம். 8.2 சதவிகிதத்தில் ஆண்டுக்கு 82,000 ரூபாய், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வருகிறது. அவர் மனைவியை மட்டும் நியமித்திருந்து, மனைவிக்கும் தகுதி இருந்தால், அவர் மறைந்த பின்னும் அவ்வருமானம் தடையின்றி வரும். "மகன் பெயரும் இருக்கட்டுமே" என்று இருவரையும் நியமித்திருந்தால், மனைவி தொடரும் உரிமை போய்விடுகிறது. பணத்தை எடுக்கும்வரை வட்டி ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்ற அளவுக்கு இறங்கிவிடும். மகன் மீதுள்ள அன்பினால் எழுதிய ஒரு பெயர், தாயின் வருமானத்தைப் பாதியாக்கிவிடக் கூடும். மகனுக்கு வேறொரு கணக்கில் இடம் கொடுப்பதே அறிவுடைமை.

மனைவி 60 வயதுக்கு உட்பட்டவராயின் பெரும்பாலும் தொடர இயலாது. அத்தகையவர்கள் தாமதமின்றிப் பணத்தைப் பெற்று, அஞ்சலக மாத வருமானத் திட்டம் போன்ற வேறொரு நல்ல திட்டத்தில் போடுவதே மேல்.

மாதந்தோறும் வருபவை

நிறுவனத் தொழிலாளிக்காக முதலாளி செலுத்தும் தொகையிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவிகிதம், சம்பள வரம்புக்கு உட்பட்டு, 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கிறது. தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால், ஒரே ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. 10 ஆண்டுச் சேவை முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஓய்வு பெறுவோருக்கே உரியது. இறந்தவர் குடும்பத்துக்கு அன்று. இதை அறியாமல் "அவர் சேர்ந்து இரண்டு ஆண்டுதான் ஆயிற்று, நமக்கு ஒன்றும் வராது" என்று வாளாவிருந்துவிடுவது பெரும் இழப்பாகும். மனைவிக்கன்றி, 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவருக்கும் ஒரே சமயத்தில், மனைவி பெறுவதில் கால் பங்கு வீதம் கிடைக்கும்.

ஓய்வூதியம் பெற்றுவந்தவர் இறந்தால், அவர் பெற்றதில் பாதி மனைவிக்கு வரும். 15,000 ரூபாய் சம்பளத்தின்மேல் 14 ஆண்டுகள் சந்தா செலுத்தி 58 வயதில் ஓய்வு பெற்றவரை எடுத்துக்கொள்வோம். 15,000-ஐ 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் அவருடைய மாத ஓய்வூதியம் 3,000 ரூபாய். அவருக்குப் பின் மனைவிக்கு 1,500 ரூபாய். கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும் மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2014 செப்டம்பரில் விதிக்கப்பட்டது. மறுமணம் செய்துகொண்டால் மனைவியின் ஓய்வூதியம் நின்றுவிடும். இதைக் கோரும் படிவம் 10-டி. வைப்பு நிதியை மட்டும் பெற்றுக்கொண்டு இப்படிவத்தைக் கொடுக்காமல் போவது அடிக்கடி நேரக்கூடிய தவறு. மூன்றையும் ஒன்றாகக் கோரும் கூட்டுப் படிவமும் இருக்கிறது.

பழைய ஓய்வூதிய விதிகளின்கீழ் வரும் அரசு ஊழியர்களின் குடும்பங்களுக்கு, 1964-ஆம் ஆண்டுத் திட்டத்தை அடியொற்றிக் குடும்ப ஓய்வூதியம் வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்கு உயர்ந்த விகிதத்திலும், பின்னர் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகித அளவிலும் இது வரும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசுத் துறை ஊழியர் பணியில் இருக்கையில் இறந்தால், பொதுவாக அவர் பெயரில் சேர்ந்த தொகையில் குறைந்தது 80 சதவிகிதத்தைக் காப்பீட்டு நிறுவனமொன்றில் செலுத்தி, மனைவி ஆயுள் முழுவதும் மாத வருமானம் பெற வேண்டும் என்பது விதி. தொகை சிறிதாயின் விலக்கு உண்டு. தனியார் துறையைச் சேர்ந்தவராயின் குடும்பத்தார் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக வரும் பணம் மொத்தமாகச் செலவழிந்துவிடும் என்ற அச்சமே மாத வருமான விதிக்குக் காரணம். அந்த அச்சம் வீணானதன்று என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர்.

நியமனதாரர் வேறு, உரிமையாளர் வேறு

"என் பெயர் எழுதியிருக்கிறது, ஆகவே பணம் முழுவதும் எனக்கே" என்று நியமனதாரர் எண்ணுவது பொதுவாகச் சரியன்று. நியமனதாரர் என்பவர் பணத்தை முதலில் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். வாரிசுகளின் பங்கு வாரிசுரிமைச் சட்டப்படி தீர்மானிக்கப்படும். ஆயுள் காப்பீட்டைக் குறித்து 1983-ஆம் ஆண்டிலும், தேசிய சேமிப்புப் பத்திரங்களைக் குறித்து 2000-ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி, தாய், மகன், மகள் ஆகிய ஒவ்வொருவருக்கும் சமமான பங்கு உண்டு. ஆகவே மகனோ மைத்துனரோ நியமனதாரராகிப் பணத்தைப் பெற்றுவிட்டாலும், மனைவியின் பங்கு அழிந்துபோவதில்லை.

குடும்ப ஓய்வூதியத்தின் நிலை வேறு. அது இறந்தவரின் சொத்தில் சேராது; உயிலால் அதை வேறொருவருக்கு மாற்ற இயலாது என்று 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விதிகள் யாரைச் சுட்டுகின்றனவோ அவருக்கே அது உரியது. "ஓய்வூதியத்தையும் பங்கு போடு" என்று உறவினர் வற்புறுத்தினால், மனைவி அதற்கு இணங்க வேண்டிய கடமை இல்லை.

மயிலாப்பூர் காட்டிய வழி

கணவரை இழந்த பெண் பிறர் தயவில் வாழ வேண்டியவள் என்னும் எண்ணத்தை எதிர்த்து உழைத்தவர்களுள் சகோதரி சுப்புலட்சுமி முதன்மையானவர். இளவயதிலேயே கைம்மை அடைந்த அவர், 1911-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இளங்கைம்பெண்கள் தங்கிப் படிப்பதற்கான இல்லத்தை நடத்தினார். 1942-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியை ஏற்படுத்தினார். 1954-ஆம் ஆண்டில் மாடம்பாக்கத்தில் பெண்கள், குழந்தைகள் நல மையம் அமையவும் துணைபுரிந்தார். பட்டணத்தில் பிறந்த நற்பணி கிராமத்துக்கும் செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. படித்து, தாளை வாசித்து, தன் உரிமையைத் தானே கேட்டுப் பெறும் பெண்ணை உருவாக்குவதே அவர் பணியின் பயன். நாம் இங்கு கூறிய படிவங்களும் விதிகளும் அத்தகைய படிப்பின் ஒரு பகுதியே.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

கணவர் உயிரோடிருக்கும்போதே செய்ய வேண்டியவை:

1. எல்லாக் கணக்குகளின் எண்களையும், அலுவலகங்களின் பெயர்களையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி, மனைவிக்குத் தெரிந்த இடத்தில் வைத்தல்.

2. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயரைச் சரிபார்த்தல். திருமணத்துக்கு முன் எழுதிய தொழிலாளர் வைப்பு நிதி நியமனத்தைத் திருமணத்துக்குப் பின் புதிதாக எழுத வேண்டும். அரசின் சிறுசேமிப்புக் கணக்குகளில் நியமனத்தை மாற்றுவதற்கு இருந்த 50 ரூபாய்க் கட்டணமும் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது.

3. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்தல்.

கணவர் மறைந்த பின் செய்ய வேண்டியவை:

1. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்து, சான்றிதழின் பல படிகளைப் பெறுதல். கிராம ஊராட்சிகளில் கிராம நிர்வாக அலுவலரை அணுகலாம்.

2. நியமனம் இல்லையேல், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தல். இ-சேவை மையத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அஞ்சலகச் சேமிப்பில் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு நியமனம் இல்லாவிடில் நீதிமன்றச் சான்றும் வேண்டியிருக்கும்.

3. கணவர் வேலை செய்த நிறுவனத்திடம் வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்டல். சென்னைக் கணக்குகளுக்கு இராயப்பேட்டை நெடுஞ்சாலையிலுள்ள வைப்பு நிதி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

4. எந்தக் கணக்கையும் முடிப்பதற்கு முன், "இதைத் தொடர எனக்கு உரிமை உண்டா?" என்று அலுவலரைக் கேட்டல்.

5. ஓய்வூதியம் வரத் தொடங்கியபின், ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று அளித்தல். தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தபடியே மின்னணுச் சான்று அளிக்கும் வசதி இப்போது உண்டு.

ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

ஒரு குடும்பத்தில் துயரம் நேர்ந்தால் ஊரே கூடி உதவுவது நம் கிராமங்களின் பண்பு. அந்த உதவி பதினாறாம் நாளோடு முடிந்துவிடலாகாது. படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர், அப்பெண்மணியுடன் அஞ்சலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சென்று வந்தால், அது பேருதவியாகும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் கூட்டமொன்றில் இப்பொருளை எடுத்துப் பேசலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், நியமனதாரர் பெயரைச் சரிபார்க்கும்படி நினைவூட்ட ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

சேமிப்பதற்கு ஒருவருக்கு முப்பது ஆண்டு உழைப்பு வேண்டியிருக்கிறது. அது உரியவர் கையில் சேர்வதற்கு வேண்டியதோ ஒரு பெயரும், ஒரு படிவமும், சிறிது அறிவும்தான். இம்மூன்றையும் இன்றே தேடி வைப்போமாக.